குறைந்தது ஒரு மீட்டர்தான்

மேடைக்கு நான் வரமாட்டேன் மேடம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம், கிழவன் உட்கார வைத்து நேரத்தை வீணாக்கிவிட்டான் என்று காலேஜில் போய்ச் சொல்லக் கூடாது. அந்த ஆள் உங்களிடம் கொடுத்தனுப்பின கேள்விக்கும் பதில் சொல்லமாட்டேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள்தான் இப்போது பி.டி.யா? விளையாட்டுக்குப் பொம்பளை வாத்தியார் இந்தக் காலேஜுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. இருக்கட்டும். நான் முப்பத்தெட்டு வருஷம் அங்கே மார்க்கர். கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. நம்பர் தெரியும், என் பெயரை எழுதத் தெரியும். கோடு போட அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐந்து மணிக்கு விழா என்கிறீர்கள். புதுப் பெவிலியனுக்கு அவன் பெயர். கர்னல் தனசிங் பெவிலியன். வைத்துக்கொள்ளட்டும். மூக்காண்டி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் ரிப்பன் வெட்டுவேன் என்றானாமே. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மரியாதைக்கா? ஆயிரம் பேர் முன்னால் என்னைக் காட்டி, இதோ, ஆறு மீட்டர் இவன்தான் என்று சொல்வதற்கு.

அவன் கொடுத்தனுப்பின அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். கடைசி நாலு வரி போதும்.

ஆமாம். 'அண்ணே, அன்றைக்கு டிராக் அளவு சரியாக இருந்ததா, குறைந்திருந்ததா? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். தெரிந்தால் போதும்.' கேட்டீர்களா? பட்டாளத்தில் கர்னல் வரைக்கும் போனவன். நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒரு சுண்ணாம்புக்காரனிடம் கேள்வி கேட்கிறான். தூக்கம் வராதாம். வர வேண்டாம்.

அவன் இங்கே வந்து சேர்ந்தது எழுபத்தாறில். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை. ஒல்லியாக இருந்தான், இடுப்புக்குக் கீழே வெறும் காலாக. காலையில் ஹாக்கி. சாயங்காலம் ஃபுட்பால். நடுவில் பாஸ்கெட்பால்காரன் எவனாவது காய்ச்சல் என்று படுத்தால் அங்கேயும் இவனைக் கூப்பிடுவார்கள். ஓட்டம், நீளம் தாண்டுவது, அது தனி. ஒரு ஆள் ஐந்து கிரவுண்டில் ஆடினால் கோடு போடுகிறவன் கதி என்ன? எல்லா ஆட்டத்துக்கும் நம் காலேஜ் டீம் ஜெயித்து ஜெயித்து மேலே மேலே போகும். எல்லா மேட்சும் இங்கேயே வந்து விழும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது அவனால்தான்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏம்ப்பா, நீ படிக்க வந்தியா, என் உசிரை எடுக்க வந்தியா?"

"ரெண்டுக்கும் நேரம் இருக்குண்ணே" என்றான்.

அவ்வளவு வாய்.

ரோலர் இழுக்க வந்து நிற்பான். யார் கேட்டது? நாலு ஆள் இழுக்கிற ரோலரில் ஐந்தாவது ஆளாக வந்து கயிற்றைப் பிடிப்பான். பி.டி. சார் பார்க்க வேண்டும், அதற்குத்தான். சார் ஊரில் இல்லாத நாளிலும் இழுப்பான். யாராவது போய்ச் சொல்வார்கள் என்கிற கணக்கு. ஈரச் சுண்ணாம்பை மற்ற பயல்கள் மிதித்துக்கொண்டு போவான்கள். இவன் மட்டும் தாண்டித் தாண்டிப் போவான். பார், நான் எவ்வளவு நல்லவன் என்று. இந்த மாதிரி ஆட்களை நான் நம்புவதே இல்லை மேடம்.

அப்போது பி.டி. மரியதாஸ் சார். சத்தம் போட்டுப் பேசுவார். கையில் எப்போதும் விசில் இருக்கும், வாயில் வெற்றிலை இருக்கும், அதனால் விசில் ஊதவே மாட்டார். டிராக் போட எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். உங்களுக்குத் தெரியாதது இல்லை. கிரவுண்டின் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு இரும்பு முளை அடித்திருக்கும். அந்த முளையில் டேப்பை மாட்டி, முப்பத்தாறரை மீட்டரில் பிடித்துக்கொண்டு ஆள் சுற்றி வர வேண்டும். அதுதான் வளைவு. இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. இரண்டின் நுனியையும் கயிறு போட்டு நேராகச் சேர்த்தால் நானூறு மீட்டர் டிராக். அவ்வளவுதான் வேலை.

அவர் ஒரு கிறுக்குக் கணக்குச் சொல்வார். "ஏ மூக்காண்டி, முளையில ஒரு மீட்டர் தப்புச்சுன்னா ஓட்டத்துல ஆறு மீட்டர் தப்பும், பாத்துக்கோ." நானும் பதினோரு வருஷம் தலையை ஆட்டினேன். அது எப்படி ஆகும்? ஒன்று தப்பினால் ஒன்றுதானே தப்பும். ஒரு படி அரிசி குறைந்தால் ஆறு படி சோறா குறையும்? படித்தவர்கள் நம்மைப் பயமுறுத்தி வைக்க இப்படி நாலு கணக்கு வைத்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொன்பது ஜனவரி, பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். யூனிவர்சிட்டி மீட் நம் கிரவுண்டில். முப்பது காலேஜ் பயல்கள் வந்து இறங்கினார்கள். நான்கு நாள் உட்காராமல் கோடு போட்டேன். வெயிலில் என் முதுகுத் தோல் உரிந்தது. நீங்கள் அந்த டிராக்கைப் பார்த்திருக்க வேண்டும் மேடம். எட்டு லேன். எங்கேயும் ஒரு கோணல் இல்லை. கோடும் கோடும் வந்து முத்தம் கொடுத்த மாதிரி ஒட்டின. அளவு தப்பாக இருந்தால் ஒட்டுமா?

நானூறு மீட்டரில் இவன் ஜெயித்தான். ஜெயிப்பான் என்று தெரியும். ஆனால் கடிகாரம் பிடித்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழைய ரிக்கார்டு உடைந்துபோனது. அரை செகண்டு. மரியதாஸ் சார் வெற்றிலையைத் துப்பிவிட்டு விசில் ஊதினார், அன்றைக்குத்தான் முதல் தடவை. பயல்கள் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். எனக்கு வருத்தம் என்று சொல்லமாட்டேன். என் கோட்டில்தானே ஓடினான். ஒருத்தனும் என்னைத் தூக்கவில்லை. அது வேறு.

ஒரு பெரிய கம்பெனியில் விளையாட்டுக்கென்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள் அப்போது. அந்தக் கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். ரிக்கார்டு போட்டவனுக்கு வேலை என்று அங்கேயே பேச்சு. அவன் அப்பாவுக்குத் தந்தி போனது.

இவன் என்ன செய்தான் தெரியுமா? ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தான். கப் வாங்கப் போகவில்லை. என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் எப்பவும் நூத்தி எண்பத்தாறு காலடி வைப்பேன். இன்னைக்கு நூத்தி எண்பத்திமூணுதான் வந்துச்சு."

"வேகமா ஓடினா நீளமா விழும்ப்பா."

"இல்லண்ணே. என் காலு எனக்குத் தெரியும். மூணு காலடி குறையுது. ஒரு ஆறு மீட்டர் இருக்கும். எங்கயாச்சும் அளவு தப்பிருக்குமா?"

அங்கே ஆரம்பித்ததுதான் அந்த ஆறு மீட்டர். அவன் வாயில்தான் முதலில் வந்தது. நான்கு நாள் முதுகு உரிந்து போட்ட கோட்டை, ஐம்பது செகண்டுகூட ஓடாதவன் வந்து தப்பு என்கிறான். என்ன சொல்ல வேண்டும் நான்?

"கப்பை வாங்கிட்டுப் போய்ச் சேருடா" என்றேன். 'டா' போட்டேன். அதுவரைக்கும் அவனை 'டா' போட்டதில்லை.

அவனா போவான்? மற்ற பந்தயத்தில் எல்லாம்கூடத்தான் பயல்கள் வேகமாக ஓடினார்கள். எவனாவது வாயைத் திறந்தானா? மெடலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்கள். இவன் ஒருத்தன் மட்டும் நேராக மரியதாஸ் சாரிடம் போய்விட்டான். மறுநாள் காலையில் அளந்து பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் காலை யூனிவர்சிட்டி ஆள், சார், இவன், மூன்று பேரும் வந்தார்கள். கிரவுண்டில் ஒரு கோடு இல்லை. நான் விடிந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்திருந்தேன். மீட் முடிந்தால் கிரவுண்டுக்குத் தண்ணீர் விடுவது வழக்கம்தான் மேடம். மூன்று நாள் கழித்து விடுவோம், அந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம் விட்டேன். புல்லுக்கு நல்லது.

மரியதாஸ் சார் சேற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "ஏ மூக்காண்டி, உண்மையைச் சொல்லு. முளையில ஒழுங்காத்தான் புடிச்சியா? அங்க ஒண்ணு விட்டா இங்க ஆறு போயிருமே."

"பதினோரு வருஷமாப் போடுறேன் சார். அளவு சரி."

யூனிவர்சிட்டி ஆள் நல்ல மனிதர். இவன் தோளில் தட்டினார். "அளக்கக் கோடு இல்ல. மார்க்கர் சரிங்கிறார். ரிக்கார்டு உனக்குத்தான். பேசாம வாங்கிக்கப்பா" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள். அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. 'என் கணக்கு எனக்குத் தெரியும் சார், என் பேரை எடுத்துருங்க' என்றான். தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். ரிக்கார்டும் போனது, வேலையும் போனது. அதே வேலையில் இரண்டாவதாக வந்தவன் போய்ச் சேர்ந்தான்.

திமிர் மேடம். அதற்கு வேறு பெயர் கிடையாது. மூக்காண்டி பொய் சொல்கிறான் என்று ஊருக்குக் காட்ட, தன் மூக்கையே அறுத்துக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானம் அவன் அப்பா வந்தார். தந்தியைப் பார்த்து மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வந்தவர். முழங்கால் வரை உப்பு பூத்த கால். கையில் ஒரு பையில் கருப்பட்டி. கிரவுண்டு ஓரத்தில் நிற்க வைத்து மகன் நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மகனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். நான் சும்மா வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, நீங்கதான் கோடு போட்டவரா?"

"ஆமா."

"சரியாத்தானே போட்டிய?"

"சரியாத்தான் போட்டேன்."

"இவன் எண்ணினதுதான் தப்பா?"

"அது எனக்குத் தெரியாது. நான் போட்டது சரி."

அவர் திரும்பிப் போய் மகனை ஓர் அறை அறைந்தார். அத்தனை பயல்கள் பார்க்க. "எண்ணத் தெரியாத பயலே, குடும்பத்தைக் கெடுத்துட்டியே" என்றார். அவ்வளவுதான் பேசினார். கருப்பட்டிப் பையைத் தரையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அடி வாங்கினவன் யாரைப் பார்க்க வேண்டும்? அடித்தவரைத்தானே. இவன் என்னைப் பார்த்தான் மேடம். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கேள்வி கேட்கிற மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? என்ன தைரியம் இருந்தால் அப்படிப் பார்ப்பான்?

அதற்கப்புறம் என் பெயர் போய்விட்டது. காலேஜ் கேன்டீனில் எவனோ ஆரம்பித்தான். 'ஆறு மீட்டர்'. ஆறு மீட்டர் வருது, ஆறு மீட்டர் போகுது. கறிக்கடைக்காரன், "வாங்க ஆறு மீட்டர், எடை குறையாமப் போடுறேன்" என்பான். மாப்பிள்ளை வீட்டார் என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார்கள். மூக்காண்டி என்றால் எவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தன், "ஓ, ஆறு மீட்டர் வீடா" என்று கொண்டுவந்து விட்டான். சம்பந்தி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அது என்ன, நிலமா?" என்றார். சொல்லுங்கள், என்ன பதில் சொல்வேன் நான்? என் பெண்டாட்டி போய்ச் சேருகிற வரைக்கும் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

அவன் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று மரியதாஸ் சார் சொல்வார். பேசாமலா பரவும்? போங்கள்.

வேலை போனவன் என்ன ஆனான்? கெட்டா போனான்? பட்டாளத்தில் ஆபீசர் பரீட்சை எழுதினான். அதில் ஒரு குதி, ஒரு ஓட்டம், ஒரு கயிறு ஏறுவது. அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நட்சத்திரம் மேல் நட்சத்திரமாகத் தோளில் குத்திக்கொண்டு போய்விட்டான். பனியில் நின்றானாம், எல்லையில் நின்றானாம், மெடலாம். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் இன்றைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். பெவிலியனாவது, பெயராவது. எனக்கு நன்றி சொல்ல வேண்டியவன் அவன்.

அவன் அப்பாதான் கடைசி வரைக்கும் அவனோடு பேசவில்லையாம். யூனிபார்மில் போய் நின்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். 'எண்ணத் தெரியாதவன் கிட்டத் துப்பாக்கியைக் கொடுத்திருக்கான்' என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். இதையும் அவனே எழுதியிருக்கிறான், அந்தக் கடிதத்தில் முன்பக்கம் இருக்கிறது, நீங்கள் படித்தீர்கள். அவர் செத்த பிறகு இவனும் யோசிக்க ஆரம்பித்தானாம். ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணினேனோ, ஒன்றுமில்லாததற்கு அவரை நோகடித்துவிட்டேனோ என்று. அப்பன் மகன் சண்டைக்கு நானா பொறுப்பு?

ஒரு தடவை இங்கேயே வந்தான். இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கும். ஜீப் வாசலில் நின்றது. தெருவே எட்டிப் பார்த்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்கீங்களாண்ணே" என்றான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே" என்றான். கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் வாசலில் நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கர்னல் என் வாசலில் வெயிலில் நின்றான். அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

என்ன எழுதுகிறீர்கள்? 'அளவு சரி' என்றா? அப்படி நான் சொன்னேனா? சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவன் எண்ணினதுதான் தப்பு என்று போய்ச் சொல்லுங்கள். நடுங்கட்டும்.

என்ன கேட்டீர்கள்? ஆறு மீட்டர் என்றது பொய்தானா என்றா? பொய்தான் மேடம். சுத்தப் பொய். எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆறாம் ஆறு. குறைந்தது ஒரு மீட்டர்தான்.

ஆமாம், சொன்னேன். வாயில் வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது, இனி மறைத்து என்ன? எழுபத்தெட்டு வயதாகிறது. கேளுங்கள். பெயர் போனதுதான் போனது, சரியான கணக்கிலாவது போகட்டும்.

அந்த மீட்டுக்கு ஒரு மாதம் முன்னால் காலேஜ் வேன் ஏறி டேப்பின் முனை ஒடிந்துபோனது. முதல் ஒரு மீட்டர் காணோம். புதுசு வாங்கித் தரவில்லை. ஒன்று என்கிற இடத்தில் ஓட்டை போட்டு வளையம் கட்டி, 'இனிமே முப்பத்தாறரைக்குப் பதிலா முப்பத்தேழரையில பிடி' என்றார் சார். சரி என்றேன். ஆனால் என் கை பதினோரு வருஷம் முப்பத்தாறரைக்குப் பழகின கை. இரண்டு வளைவும் அப்படியே போட்டுவிட்டது. ஓட்டம் முடிந்து அவன் வந்து கேட்டானே, அதற்கப்புறம் டேப்பைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன். ஒரு மீட்டர். அதுவும் நடு முளையில். ஓடுகிற இடத்தில் நான் கை வைக்கவே இல்லை. நேர்க்கோட்டில் ஒரு விரல்கடை குறைவு கிடையாது. ஒரு மீட்டர் தப்புக்கு எவனாவது மூன்று காலடி கணக்குச் சொல்வானா? இதற்குத்தான் நாற்பத்தாறு வருஷம் என்னை ஆறு மீட்டர் என்றார்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? என்ன ஆச்சு மேடம்? யாருக்குப் போன்?

அவனுக்கா? கொடுங்கள் என்னிடம். நானே சொல்கிறேன். எவ்வளவு நாள்தான் இவன் பொய்யைச் சுமப்பேன்? இதை எப்படிப் பிடிக்க வேண்டும்?

"யாரு, தனசிங்கா? மூக்காண்டி பேசுறேன். ஆமா, நான்தான். நீ கேட்டியே, பதில் கேட்டுக்கோ. ஒரு மீட்டர். ஆறு இல்ல, ஒண்ணு. காதுல விழுதா? ஒண்ணே ஒண்ணுதான் குறைஞ்சுது. என்னது? எங்க குறைஞ்சுதா? நடு முளையிலதான், வேற எங்க? ரெண்டு பக்கமும் முளையிலதான். டேப்பு ஒடிஞ்சிருந்தது. மறந்து பழைய அளவுல பிடிச்சுட்டேன். போதுமா? இப்ப சொல்லு, ஆறுங்கிறது பொய்யா, இல்லையா? சொல்லுடா. தனசிங்கு. ஏய்."

பேச்சைக் காணோம். வைத்துவிட்டானா, பாருங்கள். இல்லையா? லைனில்தான் இருக்கிறானா? மூச்சு மட்டும் வருகிறது. 'அப்பா' என்று ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. என்னையா அப்பா என்கிறான்? பயம் வந்தால் அப்படித்தான் உளறுவார்கள். பார்த்தீர்களா மேடம், உண்மையைச் சொன்னால் ஒரு கர்னலால்கூடத் திருப்பிப் பேச முடியவில்லை.

நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? எனக்காகவா? பரவாயில்லை, விடுங்கள். ஒருத்தராவது என் பக்கம் இருக்கிறீர்கள்.

மணி என்ன? நாலா? அந்தக் கொடியில் வெள்ளைச் சட்டை கிடக்கிறது, எடுங்கள். வருகிறேன். அவன் பக்கத்திலேயே உட்காருகிறேன். ஆனால் அவன் பேசுவதற்கு முன்னால் மைக்கை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர் என்று ஊருக்கு நான்தான் சொல்வேன்.